களவெட்டியும் கமெராவும்

இலங்கைக் கிராமத்து மனிதரைப் படம்பிடித்தவர்களுள் உலகம் முழுதும் பேசப்படுபவர் ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார். 1875இல் கணவரோடு இங்கிலாந்திலிருந்து வந்து இங்கு குடியேறினார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், வரலாற்றுப் பாடத்தில் எமது மாணவர் மனனம் செய்யும் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் அதே கமரன்தான். கோப்பித் தோட்டச் சொந்தக்காரர். அம்மையார் 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவை தேவாலய வளவில் இருவரும் அடக்கமாகியிருக்கின்றனர். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

அவற்றுள் ஒன்று களுத்துறைக் குடியானவர் சிலரின் படம். சிறுமிக்குப் பன்னிரண்டு வயது, கிழவர் தம்மை அவளது தகப்பன் என்றும் தமக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என அம்மையார் குறித்து வைத்திருக்கிறார். ஊர் இருக்கிறது, உறவு இருக்கிறது, வயதுகூட இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினையும் டெனிசனையும் விடுவோம். வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரின் பெயரே நமக்குத் தெரிகிறது. நூறு வயது என்ற கிழவரின் வாயிலிருந்து வயதைக் கேட்டு எழுதியவருக்குப் பெயரைக் கேட்க எவ்வளவு நேரம் சென்றிருக்கும்?

அக்காலக் கமெராவின் இயல்பையும் இங்கு சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காயுமுன் படமெடுத்து, காயுமுன் கழுவியும் விடவேண்டும். படம் பதியும்வரை எதிரே இருப்பவர் பல விநாடிகள் அசையக்கூடாது. மண்வெட்டி மண்ணில் இறங்கும் கணத்தையோ, சூடு மிதிக்கும் கிடாக்களின் சுற்றையோ அந்தக் கமெராவால் பிடிக்க இயலாது. ஆகவே 19ஆம் நூற்றாண்டுத் தொழில் படங்கள் பலவற்றில் தொழில் நடக்கவில்லை. தொழில் செய்வதுபோல் மனிதர் நிற்கின்றனர். அம்முகங்களின் இறுக்கத்தைக் கண்டு கிராமத்தானின் சோகம் என்று எழுதுவோர் இதை மறந்து விடுகின்றனர். பாதி சோகம் கமெராவினுடையது.

பின்னர் ஸ்கீன், பிளேட் போன்ற கொழும்பு நிறுவனங்கள் படங்களை விற்றன. தபால் அட்டைகளும் வந்தன. இவற்றை ஆராய்ந்து கட்டிடக் கலைஞர் இஸ்மெத் ரஹீம், பேர்சி கொலின்-தோமேயுடன் சேர்ந்து 2000இல் வெளியிட்ட நூல் எம்மவர் ஒவ்வொருவரும் புரட்டவேண்டியது. இந்த அட்டைகளில் மனிதன் ஒரு 'வகை' ஆகிறான். தமிழ்க் கூலி, சிங்கள வண்டிக்காரன், சோனக வியாபாரி. கப்பலில் வந்திறங்கிய பயணி கொழும்பிலும் காலியிலும் கண்டது இரத்தினக்கல் விற்கும் சோனகரைத்தான். அவன் வாங்கி ஊருக்கு அனுப்பியதும் அதையே. கிழக்கில் தலைமுறை தலைமுறையாக வயல் செய்த போடியாரும், அவர் வயலில் உழைத்த முல்லைக்காரனும், உப்பட்டி சுமந்த பெண்ணும் அந்தச் சந்தைக்குத் தேவைப்படவில்லை. முஸ்லிம் என்றால் வியாபாரி என்று இன்றும் மேடையில் பேசுவோர், தமக்குத் தெரியாமலே அந்தத் தபால் அட்டையைத்தான் வாசிக்கின்றனர்.

லயனல் வென்ட் வேறு ரகம். 1900இல் பிறந்து 1944இல் மறைந்த இந்தக் கலைஞர் கிராமத்து உடலை, வயலை, நீரை அழகாகக் கண்டவர். 1934இல் வெளியான 'சோங் ஒஃப் சிலோன்' திரைப்படத்தில் ஒலிப்பதும் அவரது குரலே. ஆயினும் அழகு வேறு, ஆவணம் வேறு. அவரது படத்திலிருப்பவரின் பேரப்பிள்ளை தம் மூத்தவாப்பாவைத் தேடிப் போனால் பெயரைக் காண்பது அரிது. அவர் மறைந்தபின் நெகடிவ்களும் அழிக்கப்பட்டு விட்டன.

மற்றவர் எடுத்தது அப்படியென்றால், நாம் எடுத்து வைத்ததற்கு என்ன நடந்தது? 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்டது இரண்டே மணித்தியாலம். அல்பத்தை யார் தூக்குவார்? முசலியில் வயலும் மாடும் வைத்திருந்தவர்களுக்கு, தாம் விவசாயிகள் என்பதைக் காட்டும் படமும் அங்கேயே தங்கிற்று. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கிழக்குக் கரையின் அலுமாரிகளைத் திறந்தது. இதற்கும் முன்பே, உருவப்படம் கூடுமா கூடாதா என்ற தயக்கத்தில் பலர் கமெராவின் பக்கமே போகவில்லை. அந்தத் தயக்கத்தை நான் பழிக்கமாட்டேன். ஆனால் எங்கள் உம்மம்மாக்களில் பலருக்கு எஞ்சியிருக்கும் ஒரே முகம், 1972க்குப் பிறகு வந்த தேசிய அடையாள அட்டைக்காக எடுத்தது. அதிலாவது பெயர் இருக்கிறது.

வயற்படம் ஏதும் வீட்டிலிருந்தால் கொண்டு வாருங்கள் என்று எனது ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் ஒருமுறை கேட்டேன். கலியாணப் படங்களே குவிந்தன. ஒரேயொரு பிள்ளை களவெட்டிப் படம் ஒன்றைக் கொண்டு வந்தாள்: அவுரியில் ஒருவர் நின்று தூற்றுகிறார், கீழே பொலி, வேலைக்காரன் கம்போடு இருவர், ஓரத்தில் கிடாக்கள். டிரக்டர் வந்து, பின் அறுவடை இயந்திரமும் வந்தபின் அப்பிள்ளை இவற்றில் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. படத்தின் பின்புறம் வெறுமை. வீட்டுக்கு அனுப்பி, மூத்தம்மாவிடம் கேட்டுப் பென்சிலால் எழுதிவரச் சொன்னேன். மறுநாள் கொண்டு வந்தாள். மூத்தம்மா முதலில் சொன்னது இரண்டு கிடாக்களின் பெயர். ஆட்களின் பெயர் அதற்குக் கீழே, கொஞ்சம் நெருக்கி எழுதப்பட்டிருந்தது.