யார் வீட்டுப் பிள்ளை நீ? - ஸ்காட்லாந்துத் தீவுகளில் வேர் தேடுபவர்கள்

தமிழ்நாட்டு வரலாறு கொஞ்சம் படித்தவர்களுக்குக் காலின் மெக்கென்சியைத் தெரிந்திருக்கும். ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஓலைச்சுவடி, கல்வெட்டு, ஊர்க்கதை என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்த மனிதர். அவர் சேர்த்ததில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. 1815ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1821ல் இறந்தார். நான் இப்போது வேலை பார்க்கும் கல்கத்தாவில்தான், சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

அவருடைய சொந்த ஊர் எது? ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கும் லூயிஸ் என்ற தீவு. அங்கே ஸ்டோர்னோவே என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். நம் ஊர்க் கதைகளையெல்லாம் எழுதி வைக்கச் சொன்ன மனிதரின் தீவில், அவர் இறந்து முப்பது வருடத்தில் ஊர் ஊராகக் காலி செய்தார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு இன்றைக்கும் "நாங்கள் எந்த ஊர்?" என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தேடலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வங்கியில் வாரிசு க்ளெய்ம்களைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு :-)

ஏன் போனார்கள்?

முதலில் ஒரு வேடிக்கை. 1803ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு கப்பல் பயணிகள் சட்டம் கொண்டு வந்தது. கப்பலில் இத்தனை பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, இவ்வளவு உணவு வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதனால் கப்பல் கட்டணம் ஏறியது. ஏழைகளால் போக முடியவில்லை. இதைத் தீவுப் பண்ணையார்கள் விரும்பினார்கள். காரணம், கடற்பாசி. பாசியைச் சேர்த்து எரித்தால் வரும் சாம்பல் கண்ணாடி, சோப்புத் தொழிலுக்குத் தேவைப்பட்டது. பிரான்சோடு சண்டை நடந்ததால் வெளிநாட்டுச் சரக்கு வரவில்லை, விலை எக்கச்சக்கம். பாசி அள்ள ஆள் வேண்டுமே, அதனால் யாரும் போகக் கூடாது.

1815ல் சண்டை முடிந்தது, விலை விழுந்தது. 1846ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் வந்தது. துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கை நம்பி இருந்த குடும்பங்கள் பட்டினி. குத்தகை பாக்கி ஏறியது. போகாதே என்று பிடித்து வைத்த அதே பண்ணையார் வர்க்கம், இப்போது போ போ என்றது. ஆள் போனால் ஆடு மேய்க்கலாம். ஆட்டுப் பண்ணைக்குக் குத்தகை ஒழுங்காக வரும்.

1851ல் கர்னல் கார்டன் என்ற பண்ணையார், பாரா, சவுத் யூயிஸ்ட் தீவுகளிலிருந்து சுமார் 1,700 பேரைக் கியூபெக்குக்கு அனுப்பினார். ஓடி ஒளிந்தவர்களைத் துரத்திப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள் என்று சாட்சியங்கள் இருக்கின்றன. மாற்றுத் துணி இல்லாமல், கையில் காசில்லாமல் போய் இறங்கியவர்களைப் பார்த்துக் கனடா அதிகாரிகளே அதிர்ந்து போய் எழுதினார்கள்.

லூயிஸ் கதை கொஞ்சம் வேறு. அந்தத் தீவை 1844ல் 1,90,000 பவுண்டுக்கு வாங்கியவர் ஜேம்ஸ் மேதிசன். ஜார்டின் மேதிசன் கம்பெனியின் மேதிசன்தான். இளவயதில் இதே கல்கத்தாவில் மாமா கம்பெனியில் வேலை பார்த்தவர். பிறகு சீனாவுக்கு அபின் விற்றுப் பணம் சேர்த்தார். அபின் எங்கிருந்து போனது? வங்காளத்திலிருந்தும் மாளவத்திலிருந்தும். பீகார் விவசாயி பயிர் செய்த கசகசாச் செடி எங்கோ ஒரு அட்லாண்டிக் தீவின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது!

மேதிசன் பஞ்ச காலத்தில் செலவு செய்தவர்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் 1851 முதல் 1855 வரை சுமார் 2,300 பேர் லூயிஸிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவருடைய எஸ்டேட் மேலாளர் ஜான் மன்றோ மெக்கென்சியின் 1851ஆம் வருட டைரி புத்தகமாகவே வந்திருக்கிறது. ஊர் ஊராகப் போகிறார், யார் பாக்கி, யார் கட்டுவார், யார் கட்டமாட்டார், யாரை அனுப்பலாம் என்று குறிக்கிறார். வராக்கடன் பட்டியல் போடுவது எங்களுக்குப் பழகிய வேலை. இங்கே அந்தப் பட்டியலில் விழுந்த பெயர் கப்பலில் ஏறியது. பாக்கி தள்ளுபடி, கப்பல் கட்டணம் இலவசம், மாட்டுக்கு விலை. ஆனால் நிலம் கிடையாது. இதை "விருப்பப்பட்டுப் போனார்கள்" என்று சொல்வதா, கூடாதா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

பெயர் இருப்பது யாருக்கு?

இப்போது தேடல் விஷயத்துக்கு வருவோம். 1851ல் கியூபெக்குக்குப் போன கார்டனின் ஆட்களைத் தேடினால், பெரும்பாலும் கப்பல் பட்டியல் கிடைக்காது. 1865க்கு முன் கனடா வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன.

ஆனால் அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களின் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. பெயர், வயது, ஊர், கப்பல் எல்லாம். என்ன வித்தியாசம்?

கடன்!

1852ல் ஹைலண்ட் அண்ட் ஐலண்ட் எமிக்ரேஷன் சொசைட்டி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியாவில் தங்க வேட்டை ஆரம்பித்து ஆடு மேய்ப்பவர்களெல்லாம் ஓடிவிட்டார்கள், அங்கே ஆள் தேவை. இங்கே ஆள் அதிகம். 1857 வரை ஏறக்குறைய 5,000 பேரை அனுப்பினார்கள். செலவில் மூன்றில் ஒரு பங்கு பண்ணையார் தர வேண்டும். போகிறவர்கள் புரோநோட்டு எழுதித் தர வேண்டும், சம்பாதித்துத் திருப்பிக் கட்ட. வசூலிக்க வேண்டும் என்றால் ஆள் யார், எந்த ஊர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதித்தானே ஆக வேண்டும்? அந்தப் பட்டியல்தான் எடின்பரோ தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இரக்கத்தில் எழுதியதல்ல. லோன் லெட்ஜர்.

இந்தச் சொசைட்டியின் லண்டன் தலைவர் யார் தெரியுமா? சர் சார்லஸ் டிரவெல்யன். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று ஐரிஷ்காரர்கள் இன்றும் திட்டும் அதே டிரவெல்யன். 1859ல் மதராஸ் கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் யோசனைதான்.

நம் கதையும் இதேதான். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 இந்தியர்களில் பெரும்பகுதி மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் அடையாளத் தழும்பு வரை பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தம் இருந்தது, அதனால் எழுதினார்கள். ஆரம்பக் காலத்தில் கங்காணி பின்னால் நடந்தே இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு அப்படிப்பட்ட முழுப் பட்டியல் கிடையாது. வழியில் செத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

பட்டியல் இருந்தாலும் சிக்கல் வரும். 1852 டிசம்பரில் ஹெர்குலிஸ் என்ற கப்பல் 700க்கும் மேற்பட்ட தீவுக்காரர்களோடு கிளம்பியது. அம்மையும் காய்ச்சலும் பரவி அயர்லாந்தில் கார்க் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள். மிஞ்சியவர்களில் பலரைப் பிரித்து வேறு வேறு கப்பல்களில் ஏற்றினார்கள். பட்டியலில் ஒரே குடும்பம். ஆஸ்திரேலியாவில் இறங்கியது தனித்தனி ஆட்கள்.

எப்படித் தேடுகிறார்கள்?

ஒரு உதாரணம் வைத்துக் கொள்வோம் (கற்பனைதான்). 1890ல் விக்டோரியாவில் இறந்த ஒரு பாட்டி, பெயர் கேத்தரின் மெக்லியட். பிறந்த இடம் ஸ்கை தீவு என்று மட்டும் குடும்பத்துக்குத் தெரியும். ஸ்கை தீவில் மெக்லியட் என்று தேடுவது, மதுரையில் முருகன் என்று தேடுவது மாதிரி.

முதல் விதி: ஸ்காட்லாந்தில் ஆரம்பிக்காதே, இறந்த இடத்தில் ஆரம்பி. விக்டோரியா மாநில இறப்புச் சான்றிதழ் ஒரு பொக்கிஷம். அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிள்ளைகள், காலனிக்கு வந்து எத்தனை வருடம் - எல்லாம் இருக்கும். அப்பா நார்மன், அம்மா மரியன் மெக்டொனால்ட், வந்து 38 வருடம் என்று இருந்தால், 1852. சொசைட்டி பட்டியலில் நார்மன் மெக்லியட் குடும்பத்தைத் தேடலாம். ஊர்ப் பெயர் கிடைத்துவிடும்.

அடுத்தது சென்சஸ். 1841, 1851 இரண்டும் பெயரோடு இருக்கின்றன. 1841ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதுவது வழக்கம். 39 என்றால் 35. உறவுமுறையும் எழுதவில்லை. 1851ல்தான் உறவும் பிறந்த திருச்சபை வட்டாரமும் வருகிறது.

இதற்குப் பின்னால் போவதுதான் கஷ்டம். ஸ்காட்லாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு சட்டமானது 1855 ஜனவரி 1ல். நம் ஆட்கள் 1852லேயே போய்விட்டார்கள். சர்ச் பதிவேடுகள் பல தீவுப் பகுதிகளில் 1800க்குப் பிறகுதான் ஆரம்பமே.

இங்கேதான் ஒரு நல்ல குறுக்கு வழி. போனவரை விடு, போகாதவரைப் பிடி. கேத்தரினின் அண்ணன் கல்யாணமாகி ஊரிலேயே தங்கியிருந்தால், அவர் 1855க்குப் பிறகு எப்போது இறந்தாலும் சான்றிதழில் அப்பா பெயரும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் அழிவதே இல்லை. நார்மன், மரியன் மெக்டொனால்ட் என்று அங்கேயும் வந்தால் கணக்கு டேலி! நாங்கள் ஒரு கையெழுத்தை இரண்டு ஆவணத்தில் ஒப்பிடுவது மாதிரி. ஒரு ஆவணம் மட்டும் இருந்தால் அது தகவல். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் ஆதாரம்.

பிறகு பெயர் வைக்கும் வழக்கம். மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, நமக்கு விளக்க வேண்டியதில்லை. நார்மனின் மூத்த மகன் ரோட்ரிக் என்றால், தாத்தாவும் ரோட்ரிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஆதாரம் அல்ல, எங்கே தேடலாம் என்று ஒரு வழிகாட்டி.

கடைசிச் சிக்கல், மொழி. தீவுக்காரர்கள் பேசியது கேலிக் மொழி, எழுதிய குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதினார். டோர்மோட் என்பவர் நார்மன் ஆனார். கில்லெஸ்பிக், ஆர்ச்சிபால்ட் ஆனார். ஓரிக் என்ற பெண் ஒரு பதிவில் எஃபி, இன்னொன்றில் யூஃபெமியா. மூன்றும் ஒரே ஆள்! இனிஷியலை விரித்து எழுதியதில் வேறு ஆளாகிப் போன தமிழர்களை வடநாட்டு வங்கிக் கிளைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்நேம் காலத்தில் அப்பா பெயர், அப்பா பெயர்க் காலத்தில் ஊர்ப் பெயர்...

ஊருக்குள் அவர்கள் சர்நேமே சொல்வதில்லை. ரூரியின் மகன் டொனால்டின் மகன் இயான் என்று வரிசையாகச் சொல்வார்கள். மகனுக்குக் கேலிக்கில் 'மக்'. (உடனே தமிழிலிருந்து போனதுதான் என்று கிளம்ப வேண்டாம். ஒலி ஒற்றுமை மட்டுமே!) இந்த வரிசை சர்ச் பதிவேட்டுக்கும் முன்னால் போகும், கிழவர்களின் ஞாபகத்தில். பில் லாசன் என்பவர் 1960கள் முதல் அதைக் கேட்டுக் கேட்டுக் காகிதத்தோடு ஒப்பிட்டு எழுதி வைத்தார். ஹாரிஸ் தீவில் அவர் தொடங்கிய ஆய்வு மையத்தின் பெயரே ஒரு கேள்வி. தமிழில் சொன்னால், "யார் வீட்டுப் பிள்ளை நீ?" நம் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைப் பெரியவர் கேட்கும் அதே கேள்வி.

1977ல் லூயிஸின் வடகோடியில் நெஸ் என்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு வரலாற்றுச் சங்கம் ஆரம்பித்தார்கள். பேராசிரியர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். பிறகு தீவெங்கும் அப்படிப் பல சங்கங்கள் வந்தன. வெளிநாட்டிலிருந்து வருகிறவரை உங்கள் தாத்தா வீடு இருந்த இடம் இது என்று கூட்டிப் போய்க் காட்டுவார்கள். பெரும்பாலும் அங்கே கூரை இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் கல் சுவர், நடுவில் புல். பரம்பரையில் முதல் ஆளாக அந்த வாசலில் நிற்பவர் என்ன செய்வார்? பலர் ஒரு சின்னக் கல்லை எடுத்துக்கொண்டு போகிறார்களாம்.

நமக்கும் இது பொருந்தும். உங்கள் கொள்ளுத் தாத்தா ரங்கூனுக்கோ, கண்டிக்கோ, டர்பனுக்கோ போனவர் என்றால் கப்பல் பட்டியலை அப்புறம் தேடலாம். முதலில் போகாமல் ஊரில் தங்கிய அவருடைய அண்ணன் தம்பி வீட்டைப் பிடியுங்கள். அந்த வீட்டில் எண்பது வயதுக்கு மேல் யாராவது இருந்தால், இந்த லீவிலேயே போய்ப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிகளின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து.