வெப்சைட்டில் வீடியோ ஓடவில்லையா? சரி செய்ய 2 வழி

கடைக்கோ, ஊர்ச் சங்கத்துக்கோ பல வருஷத்துக்கு முன்பு வெப்சைட் போட்டவர்கள் இப்போது அதைத் திறந்தால் அதிர்ச்சிதான். வீடியோ ஓடிய இடத்தில் வெறும் கட்டம் மட்டும் நிற்கும். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. காரணம், 'பிளாஷ்'.

மூட்டை கட்டிய பிளாஷ்

2005-ம் ஆண்டு யூடியூப் தொடங்கியபோது வீடியோ ஓடியது பிளாஷ் சாப்ட்வேரில்தான். ஆனால் 2007-ல் வந்த ஐபோனில் அதற்கு இடமே இல்லை. 2015-ல் யூடியூப்பும் எச்.டி.எம்.எல்.-5 முறைக்கு மாறியது. 2020 டிசம்பர் 31-ந்தேதியோடு பிளாஷை அடோப் நிறுவனம் கைகழுவியது. 2021 ஜனவரி 12-ந்தேதி முதல் பிளாஷ் பிளேயரில் எதுவுமே ஓடாதபடி தடை போட்டது. அதோடு கதை முடிந்தது.

வழி 1: யூடியூப்

வீடியோவுக்குக் கீழே உள்ள 'ஷேர்' பட்டனை அழுத்தி, 'எம்பெட்' என்பதைத் தொட்டால் ஒரு கோடு வரும். 'ஐபிரேம்' என்று தொடங்கும் அதை அப்படியே காப்பி செய்து, வெப்சைட்டின் எச்.டி.எம்.எல். பக்கத்தில் பழைய கோடு இருந்த இடத்தில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்! கட்டம் பெரிதாகத் தெரிந்தால் அதிலுள்ள அகலம், உயர எண்களைக் குறைக்கலாம்.

வழி 2: சொந்த வீடியோ

எம்.பி.-4 பைலை வெப்சைட் சர்வரில் ஏற்றி, 'வீடியோ' என்ற டேக்கில் அதன் முகவரியைக் கொடுக்க வேண்டும். கூடவே 'கன்ட்ரோல்ஸ்' என்று சேர்ப்பது ரொம்ப முக்கியம். அது விட்டுப்போனால் ஓட்டவும் நிறுத்தவும் பட்டன் வராது. பக்கம் திறந்ததும் சத்தத்தோடு தானாக ஓட வைப்பதும் வேலைக்கு ஆகாது. 2018-ல் இருந்தே குரோம் அதைத் தடுக்கிறது. 'ப்ரீலோட்' என்பதில் 'நன்' என்று போட்டால், பார்ப்பவர் பட்டனைத் தட்டும் வரை வீடியோ இறங்காது. அவர்களின் டேட்டா மிச்சம்.

உஷார்!

யூடியூப் கோடு ஒட்டினால் வீடியோ நம்ம கைக்கு வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அது யூடியூப்பில்தான் இருக்கும். போட்டவர் அழித்தால் இங்கேயும் காலி. அடுத்தவர் வீடியோவை டவுன்லோடு செய்து சொந்த சர்வரில் ஏற்றினால் காப்புரிமை வம்பு வரும்.

கல்யாணம், திருவிழா என்று திரும்பக் கிடைக்காத வீடியோ என்றால், எந்த வெப்சைட்டில் ஏற்றினாலும் ஒரிஜினல் பைலை பென் டிரைவிலோ, ஹார்டு டிஸ்கிலோ தனியாக வைத்திருப்பது நல்லது. கோடு போனால் மறுபடி எழுதலாம். பைல் போனால் போனதுதான்!