இசைத்தட்டிலிருந்து இணையவழி இசை வரை: பாண்டிருப்புக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாடலாசிரியரையும் பாடகரையுமே கருத்திற் கொள்வர். பாடலைத் தாங்கிவரும் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு பொருள் மறைந்து மற்றொன்று செல்வாக்குப் பெறுவதற்கு ஒலித்தெளிவு மட்டும் காரணமன்று. பதிவு செய்பவர் யார், பதிந்ததை வைத்திருப்பவர் யார் என்னும் இரு வினாக்களே இம்மாற்றங்களின் சமூகப் பொருளை உணர்த்துவன. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையே, திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பினாற் பெயர்பெற்ற பாண்டிருப்பையும் அதன் அயலூர்களையும் முன்வைத்து இதனை ஆராயலாம்.

எடிசன் 1877 இல் ஒலியைப் பதிந்து மீட்டும் கருவியை அமைத்தார். தட்டையான இசைத்தட்டுக்கு எமில் பேர்லினர் 1887 இல் வழிவகுத்தார். 1908 இல் கிராமபோன் கம்பனியின் தொழிற்சாலை கல்கத்தாவில் இயங்கத் தொடங்கிற்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஒலிக்கும். நீண்ட ஆலாபனையும் அவ்வளவிற்குள் அடங்கவேண்டியதாயிற்று. தட்டினை வாங்கியவர் அதனை வைத்திருக்கலாம். ஆயின் எதனைப் பதிவது என்பதைக் கம்பனியே தீர்மானித்தது. வாங்க வசதியற்றோர் இசைத்தட்டை வானொலி வழியாகவும், திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் கட்டப்பட்ட ஒலிபெருக்கி வழியாகவுமே அறிந்தனர். 1952 இன் பின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது, இலங்கை வானொலியின் திரைப்பாடல் ஒலிபரப்பு இந்தியாவிலும் பெருஞ்செல்வாக்குப் பெற்றது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை இந்நிலையை மாற்றிற்று. இலங்கையில் 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வளைகுடா நாடுகளுக்குத் தொழில்தேடிச் சென்று மீண்டோர் ஒலிப்பதிவுக் கருவிகளைத் தம்முடன் கொண்டுவந்தனர். 'றெக்கோடிங் பார்' என மக்கள் வழங்கிய கடைகளில், விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டுக் கொடுத்து வெற்றுநாடாவிற் பதிவித்துக் கொள்ளலாம். அதனாற் பாடலின் உரிமையாளர் இழப்புற்றனர் என்பதும் மறுத்தற்கில்லை. ஆயினும் நாடாவின் தனிச்சிறப்பு பிறிதொன்றாகும். கேட்போரே பதிவோராகவும் ஆகலாம். நாகூர் ஈ. எம். ஹனீபாவின் பாடல்கள் ஒலித்த அதே கருவியில், முஸ்லிம் மக்களிடை வழங்கும் கவிகளையும், பக்கீர் பாவாக்களின் றபான் இசையையும், கண்ணகி கோயில்களில் வழக்குரை காவியம் பாடுவோரின் குரலையும், கூத்துப் பாடல்களையும் பதியலாம். எந்தக் கம்பனியின் நாட்டத்தையும் எதிர்பாராமல், ஓர் ஊர் தன் குரலைத் தானே பதிந்து தன்னிடமே வைத்திருக்க இயன்ற காலம் இதுவெனலாம்.

1982 இல் சந்தைக்கு வந்த இறுவட்டும், பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை ஒரே தட்டில் அடக்கிய எம்பி3 முறையும் நாடாவைப் படிப்படியாக ஒதுக்கின. 2005 இல் யூடியூப் தோன்றிற்று. 2021 இல் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது. 2024 இல் உலகப் பதிவிசை வருமானத்தில் ஏறத்தாழ 69 வீதம் இணையவழியாகவும், 16 வீதமளவே தட்டு முதலிய பொருள்கள் வழியாகவும் கிடைத்தது. அமெரிக்காவில் 2022 இல், 1987 இன் பின் முதன்முறையாக, பழைய வகை இசைத்தட்டுகள் இறுவட்டுகளைக் காட்டிலும் அதிக எண்ணிக்கையில் விற்பனையாயின. இசையைக் கையிற் கொண்டிருக்கும் விருப்பம் முற்றாக அற்றுவிடவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இணையவழி இசை ஊர்க்குரலை அடைத்துவிட்டது எனக் கூறுதல் பொருந்தாது. கைப்பேசி உடையார் எவரும் தம் பாடலைப் பதிந்து உலகறியச் செய்யலாம். ஆயின் வைத்திருப்போர் மாறிவிட்டனர். இசைத்தட்டுக் காலத்திற் கம்பனி பதிந்தது, கேட்போர் வைத்திருந்தனர். நாடாக் காலத்தில் இரண்டும் கேட்போர் கைக்கு வந்தன. இன்று பதியும் உரிமை பரவியிருக்க, பேணும் அதிகாரம் தொலைதூர நிறுவனங்களிடம் குவிந்துள்ளது. ஒப்பந்தம் முடியின் பாடல் மறையலாம். சந்தா நின்றால் கேட்போரிடம் எதுவும் எஞ்சாது.

இதனாற் பழைய பொருள்களே பாதுகாப்பானவை என்று கொள்வதும் தவறாகும். உப்புக் காற்றும் ஈரமும் பூஞ்சணமும் நாடாவை அரிப்பன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோள் இக்கரையோரத்தைத் தாக்கியபோது, வீடுகளோடு வீட்டுச் சேமிப்புகளும் போயின. தனியொரு வீட்டில் மட்டும் இருப்பதும், தனியொரு நிறுவனத்திடம் மட்டும் இருப்பதும் ஒருபோலவே ஆபத்தானவை.

ஹனீபாவின் பாடலை இணையம் எளிதில் இழக்காது. அதனைப் பேணப் பலருளர். பெயரறியாத மூதாட்டி ஒருத்தியின் கவி ஒரே நாடாவில் இருப்பின், அந்நாடாவே அதன் ஒரே மூலமாகும். நாடாவை இயக்கும் கருவிகளும் அருகிவருகின்றன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இத்துறையில் வழிகாட்டுவன. எஞ்சிய நாடாக்களைத் தேடி, பாடியவர் பெயர், ஊர், சூழல் ஆகியவற்றுடன் படியெடுத்துப் பல இடங்களில் வைத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் காலத்துக்கேற்ற கடமையாகும். ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த தலைமுறைக்கு இருந்த பொறுப்பு, இன்று ஒலிநாடாக்களின் பொருட்டு இத்தலைமுறையைச் சார்ந்துள்ளது.