குறுக்கீட்டைத் தேடிய வரலாறு: 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையை முன்வைத்து

கம்பியில்லா வலையமைப்புகளில் நிகழும் குறுக்கீடு, பொறியியலாளருக்குரிய கருவிக்கோளாறாகவே பெரும்பாலும் நோக்கப்படுகின்றது. ஆயின், அதன் வேர்கள் மீடிறன்கள் பங்கிடப்பட்ட முறைமையிலேயே உள்ளன எனலாம்.

1947 இல் அமெரிக்காவின் அத்லாந்திக் சிற்றியில் கூடிய சர்வதேச மாநாடு, 2450 மெகாஹேர்ட்ஸைச் சூழ்ந்த பட்டையைக் கைத்தொழில், விஞ்ஞான, மருத்துவத் தேவைகளுக்கென ஒதுக்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் ராடருக்கெனப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட மக்னெட்ரன் குழாய், யுத்தம் ஓய்ந்ததும் நுண்ணலை அடுப்பாகச் சமையலறையுட் புகுந்தமையே இதன் பின்னணியாகும். 1985 மே 9 இல் ஐக்கிய அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, இப்பட்டையையும் வேறு இரு பட்டைகளையும் அனுமதிப்பத்திரமின்றித் தொடர்பாடலுக்குப் பயன்படுத்த இடமளித்தது. நிபந்தனை ஒன்று இருந்தது: பிறருக்குத் தீங்கான குறுக்கீட்டை விளைவித்தலாகாது, பிறர் விளைவிப்பதைச் சகித்தே ஆகவேண்டும். பின்னாளில் ஏலத்திற்குப் போன பட்டைகளைப் போலன்றி இது பொதுநிலமாக நிலைத்தமை வரவேற்கத்தக்கதே. ஆனால், அப்பொதுநிலத்தில் எவர் எதைச் செய்கின்றார் என அறியும் ஏற்பாடு உடன்பிறக்கவில்லை.

1997 இல் 802.11 நியமமும் 1999 இல் அதன் வேகம் கூடிய வடிவமும் வெளிவந்தபின், நிறுவனங்கள் இப்பட்டையில் தம் வலையமைப்புகளை நிறுவலாயின. இங்கு ஒரு நுட்பம் கருதற்பாலது. இந்நியமத்தின்படி ஒவ்வொரு கருவியும் பேசுமுன் செவிமடுக்க வேண்டும். இரைச்சல் கேட்பின் காத்திருக்க வேண்டும். ஆதலால் குறுக்கீடு தொடர்பை எப்போதும் அறுப்பதில்லை, பெரும்பாலும் மந்தப்படுத்துகின்றது. ஊழியர் கணினியையோ மென்பொருளையோ குறைகூறுவர். மேலும், வைஃபை ஏற்பி தன்னினச் சமிக்ஞையை மட்டுமே வாசிக்கவல்லது. ஏனையவை அதற்கு வெறும் இரைச்சல். எனவே மீடிறன்களைப் பகுத்துக்காட்டும் தனிக்கருவி வேண்டியதாயிற்று. 50 ஹேர்ட்ஸ் மின்வழங்கலில் இயங்கும் வீட்டு அடுப்பு ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் இரைந்து, அடுத்த 10 மில்லிசெக்கன் ஓய்கின்றது. புளூடூத் செக்கனுக்கு 1600 தடவை அலைவரிசை மாறித் தாவுகின்றது. இத்தகைய அடையாளங்களைக் கொண்டே மூலம் இனங்காணப்பட்டது. 2007 இல் கொக்னியோவை வாங்கிய சிஸ்கோ, 2010 இல் இவ்வாற்றலை அணுகல் நிலையங்களிலேயே பொருத்தியது. பல நிலையங்களில் ஒரே இரைச்சலின் வலுவை ஒப்பிட்டு, மூலத்தின் இடம் கட்டட வரைபடத்தில் குறிக்கப்பட்டது. சுவர்கள் அலைகளைத் தெறிக்கச் செய்வதால் அது மதிப்பீடு மாத்திரமே. இறுதியில் ஒருவர் திசையுணரும் அன்ரெனாவுடன் நடந்தே தீரவேண்டும்.

நிறுவன வலையமைப்பைச் சேராததெனினும், இத்தேடலின் தன்மையை நன்கு உணர்த்துவது அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் நிகழ்ந்தது. 64 மீற்றர் விட்டமுடைய அக்கருவி, 1998 முதல் 1.4 கிகாஹேர்ட்ஸ் அளவில் விசித்திரமான துடிப்புகளை இடையிடையே பதிவுசெய்தது. அவை பகலிலேயே, அலுவலக நேரத்திலேயே தோன்றின. (வானம் அலுவலக நேரம் பார்ப்பதில்லையென எவருக்கும் தெரியும்.) பின்னர் பரந்த மீடிறன் வீச்சைக் கண்காணிக்கும் கருவியொன்று பொருத்தப்பட்டது. 2015 ஜனவரியில் துடிப்புகள் தோன்றிய அதே கணங்களில் 2.4 கிகாஹேர்ட்ஸிலும் கதிர்ப்பு இருந்தமையை அது காட்டியது. ஐயம் அடுப்பின்மீது விழுந்தது. எனினும், அடுப்பை இயக்கிப் பார்த்தால் மட்டும் துடிப்பு வரவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே கதவைத் திறந்தபோது, தொலைநோக்கியும் உரிய கோணத்தில் நோக்கியிருந்தால், துடிப்பு மீண்டும் தோன்றியது.