நாய்ப் பார்வோ வைரசு நோய்

நாய்ப் பார்வோ வைரசு நோய் என்பது நாய்களை, குறிப்பாக 6 வாரம் முதல் 6 மாதம் வரையுள்ள குட்டிகளைத் தாக்கும் கொடிய தொற்றுநோய் ஆகும். இதனை உண்டாக்கும் தீநுண்மம் (வைரசு) 1978இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1980களின் தொடக்கத்திலேயே சென்னையில் இந்நோய் பதிவானது.

பரவலும் அறிகுறிகளும்

நோயுற்ற நாயின் மலத்தில் தீநுண்மம் பெருமளவில் வெளியேறுகிறது. மண்ணிலும், பாத்திரம், காலணி முதலியவற்றிலும் இது பல மாதங்கள் அழியாதிருக்கும். எனவே வீட்டை விட்டு வெளியே செல்லாத குட்டிக்கும் தொற்றலாம். சோர்வு, வாந்தி, குருதி கலந்த வயிற்றுப்போக்கு ஆகியன முதன்மை அறிகுறிகள். வெள்ளையணுக்கள் குறைவதாலும் நீரிழப்பாலும் சில நாட்களில் இறப்பு நேரலாம். இத்தீநுண்மம் மனிதருக்குத் தொற்றுவதில்லை.

தடுப்பு

சீம்பாலில் கிடைக்கும் எதிர்ப்புப்பொருட்கள் குட்டியைச் சில வாரங்கள் காக்கின்றன. தடுப்பூசி பயனளிப்பதையும் அவையே தடுக்கின்றன. அவை மறையும் காலம் குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவே ஒரே ஊசி போதாது. 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசியும், பின்னர் 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் நிறையும் வரை அடுத்த ஊசிகளும் போடப்படுகின்றன. ஓராண்டுக்குள் வலுவூட்டு ஊசி தேவை. முதல்கட்ட ஊசிகள் முடியும் வரை குட்டியைப் பிற நாய்கள் நடமாடும் இடங்களில் விடலாகாது. நோய் கண்ட இடத்தைக் கழுவியபின் பிளீச்சிங் கரைசலால் துடைக்கவேண்டும். சாராயம் கலந்த கிருமிநீக்கிகள் இத்தீநுண்மத்தை அழிப்பதில்லை.

மருத்துவம்

சிரைவழி நீரேற்றம், வாந்தித் தடுப்பு மருந்து, துணைத்தொற்றுக்கு எதிரான நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை அளிக்கப்படுகின்றன. மருத்துவம் பெறாத குட்டிகளில் பெரும்பாலானவை இறக்கின்றன. விரைந்து மருத்துவம் பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைக்கின்றன.