தொழிலாளர் உடல்நல உரிமை

வேலைத்தலத்தில் உடல் கெடாமல் காக்கப்படும் உரிமை. அரசமைப்புச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. உயிர்வாழும் உரிமையைத் தரும் 21ஆம் பிரிவுக்குள்ளிருந்து, 39, 42ஆம் பிரிவுகளின் துணையோடு, உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக் காட்டியது.

சிமெண்டு ஆலையால் பெயர்பெற்ற மதுக்கரை வட்டாரத்துக்கு இது ஏட்டுச் சட்டமல்ல. சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லின் தூசியைவிட, ஜல்லிக்காக உடைபடும் கருங்கல்லின் தூசி கொடியது. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும், தழும்பு ஆறாது. ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் பற்றிய பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் (1984) நீதிமன்றம் கல் உடைக்கும் கிரஷர் வரை இறங்கிப் பேசியது: எந்திரத்தின் மேல் தண்ணீர் டிரம் வைத்து இடைவிடாமல் தெளி, அல்லது தூசி உறிஞ்சும் கருவி பொருத்து. ஜல்லி உடைபடும் இடத்தில் நின்றவருக்கு அந்த டிரம்மின் அருமை தெரியும்.

1995இல் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர் வழக்கில், பணியிலும் ஓய்வுக்குப் பின்னும் மருத்துவ உதவி அடிப்படை உரிமை என்றானது. நோய் மெதுவாகத்தான் வெளிப்படும் என்பதால், மருத்துவப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாள் முதல் 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை ஆலை பாதுகாக்க வேண்டும்.