ஊறல்

காப்பிப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுவதும் ஊறப்போட்டு, காலையில் வடித்து, சூடு காட்டாமலே குடிக்கிற ஒரு முறை இப்போது நகரங்களில் பரவியிருக்கிறது. கோல்ட் ப்ரூ என்கிறார்கள். மூன்று கோடைகளாக நானும் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுச் சமையலறையில் இதைச் செய்துவருகிறேன். ருசியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பெயரைப் பற்றித்தான் பிரச்னை. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசிக்கப்போய் வந்தது இந்தக் கட்டுரை.

முதலில் காரியம். நூறு கிராம் காப்பிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சிக்கரி கூடாது, சட்டம் காப்பித் தூளில் 49 சதவீதம்வரை சிக்கரியை அனுமதிப்பதால், கடையில் வாய்விட்டுச் சொல்லித்தான் தனிக் காப்பியாக வாங்க வேண்டும். ஃபில்டர் பொடி ஆகாது. அது நைசாக இருப்பதால் கலங்கல் இறங்கிவிடும். பெருரவைப் பதத்தில் அரைக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருந்தால் நல்லது. கண்ணாடிச் சீசாவில் பொடியைப் போட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு தடவை கிளறி மூடிவைத்தால் பன்னிரண்டு மணி நேரம். நம்மூர்ச் சித்திரை வைகாசியில் அறைச் சூட்டில் வைப்பது சரியல்ல. ஃப்ரிட்ஜில் பதினாறு பதினெட்டு மணி நேரம் வைக்கலாம். பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். பிழியக் கூடாது, பிழிந்தால் கசப்பு இறங்கும். வடித்ததைக் குளிரில் வைத்து நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். அடுப்பு இல்லை, கைத்திறன் என்று ஒன்றும் இல்லை. காத்திருப்பது மட்டுமே வேலை.

இனிச் சொல். நாம் ஃபில்டரில் இறக்குவதை டிகாக்‌ஷன் என்கிறோம். மருந்துச் சாஸ்திரத்திலிருந்து வந்த இந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சரக்கைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து எடுப்பது, அதாவது கஷாயம் என்று அர்த்தம். ஃபில்டரில் நாம் அப்படிச் செய்வதில்லை. கொதித்த தண்ணீரைப் பொடியின்மேல் ஊற்றிச் சொட்டவிடுகிறோம். ஆயுர்வேதம் கஷாயத்தை ஐந்தாகப் பிரிக்கிறது. அதில் கொதிக்கவைப்பது க்வாதம். வெந்நீரில் போட்டு எடுப்பது பாண்டம். ஒரு பங்கு சரக்கை ஆறு பங்கு தண்ணீரில் ராத்திரி முழுவதும் வைத்துக் காலையில் வடிப்பது ஹிமம். ஆக நம் ஃபில்டர் காப்பி பாண்டத்துக்கு அருகே வருகிறது. கோல்ட் ப்ரூ அப்படியே ஹிமம். சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு அக மருந்து வகைகளில் தேனூறல் ஒன்று. ஊறுவதைத் தனியொரு செய்முறையாக எண்ணிப் பெயரிட்ட மரபு நமக்கு உண்டு. காப்பிக்குக் கொட்டைவடிநீர் என்று பெயர் செய்து சிரிப்புக்கு இடம் தந்தவர்கள்கூட இதற்குச் சிரமப்பட்டிருக்க வேண்டாம். ஊறல் காப்பி. அவ்வளவு எளிது.

எளிதாக இருந்தும் அது வரவில்லை. வந்தது அமெரிக்கப் பெயர். அங்கே இதை வீட்டுச் சாதனமாக்கியவர் டாட் சிம்ப்சன் என்பவர். 1964இல், லத்தீன் அமெரிக்கப் பயணம் ஒன்றில் காப்பிச் சாற்றைக் கண்டுவந்து, ஊறவைத்து வடிக்கும் பாத்திரத்தைச் செய்தார். தன் பெயரை ஒட்டி அதற்கு 'டாடி' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் அதே எழுத்துக் கோவைக்குக் கள் என்று பொருள். அங்கே யாரும் அதனால் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. 2015இல் ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் தன் கடைகளில் விற்கத் தொடங்கியபின் இது உலகப் பழக்கமாயிற்று. கூடவே சில கதைகளும் வந்தன. இதில் புளிப்பே இல்லை, வயிற்றுக்கு நல்லது என்பது ஒன்று. 2018இல் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ரசாயன ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, சூட்டில் எடுத்ததற்கும் குளிரில் எடுத்ததற்கும் பிஎச் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மொத்த அமிலங்கள் மட்டும் சூட்டில் எடுத்ததில் சற்று அதிகம். நாக்குக்கு வித்தியாசம் உண்டு. மற்றதெல்லாம் வியாபாரம்.

என் ஆயா இந்த வியாபாரத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. அவள் காலையில் குடித்தது நீச்சத்தண்ணி. ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தது, விடியலில் லேசாகப் புளித்துக் கிடக்கும். உப்பு, ஒரு வெங்காயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் வீடுகளிலிருந்து இந்த நீராகாரத்தைத் துரத்தியது காப்பிதான். துரத்தப்படுகிறதே என்று அன்று பதறியவர்களின் குரல்களை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் திரட்டித் தந்திருக்கிறார். காப்பி வந்ததும் பழையது ஏழையின் அடையாளமாயிற்று. எங்கள் வீட்டில் இந்த மாற்றம் தாமதமாக வந்தது. அப்பா உத்தியோகத்துக்குப் போன பிறகு அம்மா பித்தளை ஃபில்டர் வாங்கினாள். விருந்தாளி வரும் நாட்களில் ஆயாவின் பானை கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போயிற்று. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பானையோடு அவளும் போய் உட்கார்ந்துகொண்டாள். ராத்திரி ஊறிய குளிர்ந்த பானத்தை இழிவென்று ஒதுக்கியது காப்பி. அதே காப்பி இன்று ராத்திரி ஊறி, குளிர்ந்து, கண்ணாடிச் சீசாவில் கூடத்துக்கு வருகிறது. இதை வேடிக்கை என்று சொல்லி முடித்திருப்பேன், பக்கத்தில் ஒரு மலை இல்லாவிட்டால்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன். அதற்கும் மேற்கே சேர்வராயன். இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடுத்தடுத்த மேடுகள். இரண்டிலும் மலையாளிகள் என்ற பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயனில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஏற்காடு எஸ்டேட்டும் பங்களாவுமாக வளர்ந்தது. கல்வராயன் ஜாகீர்தார்களிடம் இருந்தது. 1976இல்தான் அது அவர்கள் கையிலிருந்து அரசாங்கத்துக்கு வந்தது. அதுவரை மலைச்சனம் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே வருஷத்தில்தான் வந்தது. சாமை, தினை, கேழ்வரகு, பின்னால் மரவள்ளி. ஒரு மலையின் பெயர் காப்பிப் பொட்டலத்தில் ஏறிற்று. மற்றதன் பெயர் தினசரியின் போலீஸ் செய்தியில் ஏறிற்று.

அந்தச் செய்தியில் இருக்கிற சொல்தான் ஊறல். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். கல்வராயனின் மேற்குப் பகுதி அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்ந்தது, பிறகு மறுபடி இறுகியது, கடைசியில் அரசாங்கமே கடை திறந்தது. அரசாங்கம் எந்தப் பக்கம் நின்றாலும் மலையில் வெல்லமும் பட்டையும் போட்டுப் பேரலில் ஊறவைப்பது குற்றமாகவே இருந்தது. 'கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு' என்று லிட்டர் கணக்கோடு வருகிற நாலு வரிச் செய்தியை நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்துவருகிறேன். தேனுக்கும் மருந்துக்கும் இருந்த ஒரு பொதுச் சொல், எங்கள் பக்கத்தில், படிப்படியாக ஒரே ஒரு பொருளுக்கு அடைபட்டுப்போனது.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வருஷத்தில் இரண்டு மூன்று தடவை தேனும் கடுக்காயும் கொண்டுவருகிற பெரியவர் ஒருவர் உண்டு. 2023 கோடையில் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே சமையல் மேடையில் இருந்த சீசாவைப் பார்த்தார்.

"என்னாங்க சார் அது, கறுப்பா?"

"காப்பிதான் பெரியவரே. ராத்திரி ஊறல் போட்டேன்."

அவர் முதலில் தெருவைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஊறப் போட்டன்னு சொல்லுங்க சார். ஊறல்னு சொல்லாதீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, வெல்லம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். வினையாக இருக்கும்வரை குற்றமில்லை, பெயரானால் குற்றம். இலக்கணத்தில் இப்படி ஒரு வேற்றுமையை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

மறு வருஷம், 2024 ஜூனில், எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வாரத்தைப் பற்றி நான் எழுதத் தகுதியுள்ளவன் அல்ல. தெருவில் வரிசையாகக் கிடத்தியிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். இத்தனை பேரைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் எந்தப் பானையிலும் தானாக ஊறி வருவதில்லை. அது ஆலையில் தயாராகி, பேரலில் அடைத்து, லாரியில் ஏறி வருகிற ரசாயனம். ஆனால் அந்த வாரமும் போலீஸ் மலை ஏறி ஊறல்களைக் கொட்டியது. பத்திரிகைகளில் படம் வந்தது. சாராயம் என்றால் மலை, மலை என்றால் ஊறல் என்ற பழைய சூத்திரம் யோசனைக்கு அவசியமில்லாமல் வேலை செய்தது. பிறகு சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலை பற்றித் தானாகவே வழக்கெடுத்து, ரோடும் பஸ்ஸும் ஏன் இல்லை என்று கேட்டது. ஜாகீர் போய் நாற்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்வி.

மூன்று ஊறல்களுக்கும் ரசாயன வித்தியாசம் உண்டு. ஆயாவின் பானையில் பாக்டீரியா சோற்றை லாக்டிக் அமிலத்தால் புளிக்கவைக்கிறது. மலைப் பேரலில் ஈஸ்ட் வெல்லத்தைச் சாராயமாக்குகிறது. என் சீசாவில் எதுவும் உயிரோடு வேலை செய்வதில்லை, செய்யவும் கூடாது. பொடியில் இருப்பது தண்ணீரில் கரைகிறது, அவ்வளவே. இந்த வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. சாராயம் குடும்பங்களை அழித்ததையும் மறுக்கவில்லை. ஆனால் பின்கட்டுக்குப் போன பானையும், கோடாலியால் உடைந்த பேரலும், கூடத்துக்கு வந்த சீசாவும் வெவ்வேறு மரியாதை பெற்றதை ரசாயனம் மட்டும் விளக்கிவிடாது. ஊறவைத்தது யார் என்பதும் கணக்கில் இருந்தது. அமெரிக்கப் பெயரை நாம் எடுத்துக்கொண்டதை நாகரிக மோகம் என்று நானே பல தடவை திட்டியிருக்கிறேன். இப்போது அது எனக்கு ஒரு பகுதிதான் என்று தோன்றுகிறது. நம் சொல்லில் இன்னொருவனுடைய லாக்கப்பும் அபராதமும் ஒட்டியிருக்கின்றன. அதைத் தொடாமல் குடிக்க ஒரு சுத்தமான பெயர் நமக்கு வேண்டியிருந்தது.

பெரியவர் இந்தக் கோடையிலும் வந்தார். இந்தத் தடவை சீசாவில் வெல்லம் கரைத்து வைத்திருந்தேன். பெயர் சொல்லாமல் கொடுத்தேன், அவரும் கேட்காமல் வாங்கிக் குடித்தார். செய்முறை கேட்டு வருகிற சிநேகிதர்களிடம் கோல்ட் ப்ரூ என்றுதான் இன்னமும் சொல்கிறேன். இங்கே தலைப்பாகப் போட்டிருக்கிற சொல்லைக் கடைத்தெருவில் உரக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை.